தீபாவளி ஆர்டரைத் தாங்குமா உங்க சர்வர்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, பேச்சு நடையைக் கொஞ்சம் சரிசெய்து தந்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு மெயில்தான். அதை வச்சே முழு எபிசோடும் பேசப் போறேன்.

பெங்களூருல வேலை பார்க்கிற ஒரு நேயர் எழுதியிருக்காங்க. சொந்த ஊர் காரைக்குடி. அங்க அவங்க அம்மாவும் சித்தியும் முறுக்கு, சீடை, அதிரசம், மாவுருண்டைன்னு செஞ்சு விக்கிறாங்க. இன்ஸ்டாகிராம்ல படம் போடுறது, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிறது, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து நோட்டுல எழுதிக்கிறது, இதுதான் இப்போதைய சிஸ்டம். சாதாரண நாள்ல 20 ஆர்டர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாளைக்கு 200 தாண்டிடுச்சு. யார் காசு போட்டாங்க, யார் போடலைன்னு குழம்பி, காசு கட்டின 11 பேருக்குப் பார்சலே போகலை. ஒவ்வொருத்தருக்கும் அம்மா போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாங்களாம்.

இந்த வருஷம் சொந்தமா ஒரு வெப்சைட் போட்டுடலாம்னு முடிவு. தீபாவளிக்கு இன்னும் 10 வாரம் இருக்கு. மூணு பேர் மூணு யோசனை சொல்லியிருக்காங்க. ஊர்ல இருக்கிற டிசைனர், "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நானே பார்த்துக்கிறேன், வருஷத்துக்கு இவ்வளவு குடுங்க போதும்" என்கிறார். ஆபீஸ் நண்பர், "ஏடபிள்யூஎஸ்ல போடு, முதல்ல ஃப்ரீதான்" என்கிறார். தம்பி, "எதுக்கு இவ்வளவு யோசனை, ஷாப்பிஃபை எடுத்துட்டுப் போ" என்கிறான். எது சரி?

மூணுமே சரியா இருக்கலாம், மூணுமே தப்பாவும் போகலாம். எந்தக் கேள்விகளைக் கேட்டு முடிவு பண்ணணும்னு ஒவ்வொன்னா பார்ப்போம். கடைசியில அவங்களுக்கு என்னோட பதிலையும் சொல்லிடுறேன்.

01:50 — முதல்ல டொமைன் யார் பேர்ல?

டொமைன் வேற, ஹோஸ்டிங் வேற. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. டொமைன் என்பது உங்க கடையோட பேரும் முகவரியும். ஹோஸ்டிங் என்பது கடை இருக்கிற கட்டடம். டிஎன்எஸ் என்பது "இந்தப் பேரைக் கேட்டா இந்தக் கட்டடத்துக்கு அனுப்பு" என்று வழி சொல்கிற பதிவேடு. கட்டடம் பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டு வேற இடம் போகலாம். டிஎன்எஸ்ல முகவரியை மாத்தினா போதும், வாடிக்கையாளர்கள் பழைய பேரையே அடிச்சுப் புது இடத்துக்கு வந்துடுவாங்க.

ஆனா இதெல்லாம் டொமைன் உங்க கையில இருந்தாத்தான். டிசைனர் அவர் பேர்ல, அவர் மெயில் ஐடியில டொமைன் வாங்கியிருந்தா, நாளைக்கு அவர் வெளிநாடு போனாலும், உங்களோட மனஸ்தாபம் வந்தாலும், இல்ல சும்மா மறந்தே போனாலும், பேரு போச்சு. பாக்கெட்ல அச்சடிச்ச பேரு, இன்ஸ்டா பயோவுல போட்ட பேரு, கூகுள்ல ஏறி வந்த பேரு எல்லாமே அதுதானே. டிசைனர் மேல சந்தேகப்படச் சொல்லலை. நல்ல டிசைனரே "உங்க பேர்ல வாங்குங்க, எனக்கு டிஎன்எஸ் மாத்துற அனுமதி மட்டும் குடுங்க"ன்னுதான் சொல்வார்.

அதனால நான் கேக்குற முதல் கேள்வி: டொமைன் ரெஜிஸ்ட்ரார் கணக்கு யார் மெயில்ல, யார் போன் நம்பர்ல இருக்கு? அம்மா பேர்ல, குடும்பத்துல ரெண்டு பேர் திறக்கக்கூடிய ஒரு மெயில்ல இருக்கட்டும். புதுப்பிக்கிற தேதியைக் காலண்டர்ல ரெண்டு இடத்துல குறிச்சு வைங்க. டாட் காம் டொமைன் காலாவதியாகி, சலுகைக் காலமும் முடிஞ்சா, ரிடெம்ப்ஷன்னு ஒரு 30 நாள் கட்டம் வரும். அதுல திரும்ப எடுக்க வழக்கமான கட்டணத்துக்கு மேல தனியா பெரிய தொகை கேப்பாங்க. அதையும் விட்டுட்டா, உலகத்துல யார் வேணும்னாலும் அந்தப் பேரை வாங்கிக்கலாம்.

04:30 — மேன்ஷன் ரூம், ஃபிளாட், மால்

இப்போ ஹோஸ்டிங். பேர்கள் நிறைய இருக்கும், ஆனா உள்ளே போய்ப் பார்த்தா ஐந்தாறு வகைதான். வீடு வாடகைக்கு எடுக்கிற மாதிரி யோசிச்சா சுலபமா புரியும்.

ஷேர்டு ஹோஸ்டிங் திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம் மாதிரி. ஒரே சர்வர்ல நூற்றுக்கணக்கான வெப்சைட் இருக்கும். வாடகை கம்மி, ஆனா தண்ணிக் குழாய் பொது. விளம்பரத்துல "அன்லிமிடெட்" என்று போட்டிருப்பாங்க. விதிமுறைப் பக்கத்துல, எத்தனை ஃபைல் வைக்கலாம், ஒரே நேரத்துல எத்தனை கோரிக்கை ஓடலாம், எவ்வளவு சிபியூ, எவ்வளவு மெமரி என்று எல்லாத்துக்கும் உச்சவரம்பு இருக்கும். இந்த மாதிரி இடங்கள்ல பரவலா ஓடுறது கிளவுட்லினக்ஸ். அதுல உங்க பங்கைத் தாண்டினா, பார்க்க வந்தவருக்கு 508 என்ற எண்ணோட "ரிசோர்ஸ் லிமிட்" செய்தி தெரியும். முறுக்கு வாங்க வந்தவருக்கு அது என்ன புரியும்? கடை மூடியிருக்குன்னு போயிடுவார்.

விபிஎஸ் தனி ஃபிளாட். உங்களுக்குன்னு இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியூ ஒதுக்கிடுவாங்க. டிஜிட்டல்ஓஷன், அகமாய் வாங்கின லினோட், ஏடபிள்யூஎஸ்ஸோட லைட்செயில் எல்லாம் இந்த ரகம். பக்கத்து வீட்டுச் சத்தம் ரொம்பக் கம்மி. ஆனா குழாய் ஒழுகினா நீங்கதான் பிளம்பர். ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட், ஃபயர்வால், டேட்டாபேஸ், எஸ்எஸ்எல் சான்றிதழ் எல்லாம் உங்க பொறுப்பு.

ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட், அஸ்யூர் மாதிரியான முழு கிளவுட், மனை வாங்கி வீடு கட்டுற மாதிரி. செங்கல், சிமென்ட், கம்பி எல்லாம் தனித்தனியா கிடைக்கும், தனித்தனியா மீட்டரும் ஓடும். என்ன வேணும்னாலும் கட்டலாம். கட்டத் தெரிஞ்சவர் கூட இருக்கணும்.

மேனேஜ்டு வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங், சர்வீஸ் அபார்ட்மென்ட். உலகத்துல இருக்கிற வெப்சைட்டுகள்ல 40 சதவீதத்துக்கு மேல வேர்ட்பிரஸ்லதான் ஓடுது. அது மேல வூகாமர்ஸ் என்ற இலவச பிளகினைப் போட்டா கடை ரெடி. மேனேஜ்டு ஹோஸ்டிங்ல சர்வரைப் பராமரிக்கிற வேலை அவங்களுது, கடையை அலங்கரிக்கிற வேலை உங்களுது.

அடுத்தது ஷாப்பிஃபை. சென்னையிலிருந்து வர்ற ஸோஹோ காமர்ஸும் இதே வகை. இது மாலுக்குள்ள ஒரு கடை. கரண்ட், ஏசி, செக்யூரிட்டி எல்லாம் மால்காரங்க பொறுப்பு. பதிலுக்கு வாடகை உண்டு, சில இடங்கள்ல விற்பனையில பங்கும் உண்டு. சுவரை இடிச்சு மாத்த முடியாது.

இதுக்கெல்லாம் முன்னாடி யாரும் சொல்லாத ஒரு வழியும் இருக்கு. கடையே வேணாம், ஒரு போர்டு போதும். பொருள், விலை, படம் மட்டும் உள்ள ஒரு நிலையான பக்கம். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை மாதிரி இடங்கள்ல சின்ன அளவுக்கு இலவசமாவே வைக்கலாம். அதுல பேமெண்ட் கேட்வேயோட லிங்க்கைக் கொடுத்துட்டா போதும். ஒரு நாளைக்கு அஞ்சு ஆர்டர்னா இதுவே தாராளம். டேட்டாபேஸே கிடையாது என்பதால உடைய வேண்டியதும் ரொம்பக் கம்மி.

09:20 — சர்வர் எந்த ஊர்ல?

இது பலரும் பார்க்காம விடுற கட்டம். நிறைய மலிவு பிளான்கள்ல, மாத்தலைன்னா சர்வர் அமெரிக்காவுலயோ ஐரோப்பாவுலயோ போய் உக்காந்துக்கும்.

ஆப்டிக்கல் ஃபைபருக்குள்ள ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகுது. வேகம்தான், ஆனா சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்ப, கேபிள் சுத்தி வர்ற தூரத்தையும் சேர்த்தா, நடைமுறையில 200 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். மும்பைக்குப் போய் வர 25 மில்லி செகண்ட் போல. ஒரு புதுப் பாதுகாப்பான இணைப்புக்கு, முதல் எழுத்து திரையில வர்றதுக்கு முன்னாடியே வழக்கமா மூணு தடவை போய் வரணும். கைகுலுக்க ஒண்ணு, பூட்டுச் சாவி பேச ஒண்ணு, பக்கத்தைக் கேக்க ஒண்ணு. அமெரிக்கான்னா 600 மில்லி செகண்டுக்கு மேல அதுலயே போச்சு. மும்பைன்னா 75. சர்வர் யோசிக்கிற நேரம் இதுக்கு மேலதான்.

இதுக்கு இப்போ காரணமும் சொல்ல முடியாது. ஏடபிள்யூஎஸ் 2016-ல மும்பையிலயும் 2022-ல ஹைதராபாத்திலயும் திறந்தாச்சு. டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூரு இருக்கு. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். அஸ்யூருக்கும் லினோடுக்கும் சென்னையே இருக்கு. வாங்கும்போது ரீஜன் என்று ஒரு கட்டம் வரும், அதுல இந்தியாவைத் தேர்ந்தெடுத்தா வேலை முடிஞ்சது. உங்க வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியான்னா மட்டும் சிங்கப்பூர் சர்வரை யோசிங்க.

11:40 — எத்தனை தோசைக்கல் வேணும்?

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். 200 ஆர்டர் வர்ற நாளைத் தாங்க எவ்வளவு பெரிய சர்வர் வேணும்? ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

கடைக்கு வர்ற 100 பேர்ல 2 பேர் வாங்குறாங்கன்னு வச்சுக்குவோம். 200 ஆர்டருக்கு 10,000 பேர் வரணும். எல்லாரும் நாள் முழுக்கப் பரவி வர மாட்டாங்க. சாப்பாடு முடிஞ்சு ராத்திரி 9 மணிக்கு போனை எடுக்கிற கூட்டம்தான் அதிகம். அந்த ஒரு மணி நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 2,000 பேர். ஒருத்தர் அஞ்சு பக்கம் பார்த்தா 10,000 பக்கம். 3,600 நொடியால வகுத்தா, நொடிக்கு 2.8 பக்கம்.

இப்போ ஒரு ஹோட்டலை நினைச்சுக்குங்க. நிமிஷத்துக்கு எத்தனை தோசை ஆர்டர் வருது, ஒரு தோசைக்கு எவ்வளவு நேரம் ஆகுது, இந்த ரெண்டையும் பெருக்கினா எத்தனை கல் ஒரே நேரத்துல சூடா இருக்கணும்னு வந்துடும். வூகாமர்ஸ்ல தோசைக்கல்லுக்குப் பேரு பிஹெச்பி வொர்க்கர். ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை நொடின்னா, 2.8 பெருக்கல் 0.5. சராசரியா 1.4 கல் போதும். கூட்டம் ஏற இறங்க இருக்கும் என்பதால 4, 5 இருந்தா நிம்மதி. 2 ஜிபி மெமரி உள்ள சின்ன சர்வர் இதைச் சுலபமா தாங்கும். பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்லை, இல்லையா?

ஆனா ஒரு ரீல்ஸ் வைரலாகி, அதே கூட்டம் பத்து மடங்கா வந்தா? நொடிக்கு 28 பக்கம், 14 கல். ஒரு வொர்க்கர் 100 எம்பி மெமரி எடுத்தா அதுக்கே 1.4 ஜிபி. டேட்டாபேஸுக்கும் இடம் வேணும். 2 ஜிபி சர்வர் மூச்சுத் திணறும். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் அதுக்கு முன்னாடியே படுத்துடும்.

இங்க பெரிய சர்வர் வாங்க ஓடாதீங்க. கேஷிங்னு ஒண்ணு இருக்கு. சீடை பக்கத்தை 1,000 பேர் பார்த்தாலும் அது ஒரே பக்கம்தான். ஒருமுறை தயாரிச்சதை எடுத்து வச்சுக்கிட்டு அதையே எல்லாருக்கும் கொடுத்தா, அடுப்புக்கு வேலையே இல்லை. ஹாட் பாக்ஸ்ல இட்லி எடுத்து வச்ச மாதிரி. கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஒரு சிடிஎன்னை முன்னாடி வச்சா, படங்கள் உங்க சர்வருக்கே வராம அவங்களோட சென்னை, மும்பை மையங்கள்லிருந்தே போயிடும். ஆனா கூடை, பணம் கட்டுற பக்கம், மை அக்கவுண்ட் பக்கம் இவற்றை மட்டும் கேஷ் பண்ணக் கூடாது. பண்ணினா ஒருத்தரோட முகவரி இன்னொருத்தர் திரையில தெரியும். அதனால சர்வரோட உண்மையான பலம் அந்தச் சில பக்கங்களுக்குத்தான் தேவை.

இன்னொரு சின்ன எழுத்தையும் படிங்க. ஏடபிள்யூஎஸ்ஸில் டி என்று தொடங்கும் மலிவு சர்வர்களுக்கு, முழு சிபியூவும் எந்நேரமும் உங்களுடையது கிடையாது. டி3 மைக்ரோவில் ஒவ்வொரு வி-சிபியூவிலும் 10 சதவீதம்தான் நிரந்தரப் பங்கு. சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் சேரும், கூட்டம் வரும்போது அது செலவாகும். பத்து நிமிஷக் கூட்டத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு வாரம் முழுக்கக் கூட்டம் என்றால், ஒண்ணு சர்வர் மந்தமாகும், இல்லன்னா கூடுதல் பில் வரும்.

16:10 — பில்லைப் படிக்கிறது எப்படி

ஹோஸ்டிங் விளம்பரத்துல கண்ணுல படுற விலை, பெரும்பாலும் மூணு வருஷத்துக்கு மொத்தமா இப்போவே கட்டினா வர்ற மாத விலை. புதுப்பிக்கும்போது என்ன விலைன்னு அதே பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். அதைத்தான் ஒப்பிடணும். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, இன்வாய்ஸ்ல உங்க எண் இருந்தா, விதிகளுக்கு உட்பட்டு அதை உள்ளீட்டு வரியா கழிச்சுக்கலாம். ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

நம்ம ஊர்ல மட்டும் வர்ற ஒரு சிக்கலும் இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுல தானா எடுக்கிற தொகை 15,000 ரூபாயைத் தாண்டினா ஒவ்வொரு முறையும் ஓடிபி போட்டு ஒப்புதல் தரணும். 2022-ல 5,000-லிருந்து இந்த அளவுக்கு ஏத்தினாங்க. மூணு வருஷப் புதுப்பித்தல் இந்த அளவைச் சுலபமா தாண்டிடும். ஆட்டோ ரின்யூவல் போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க, பணம் போகாது, நினைவூட்டல் மெயில் ஸ்பாமுக்குப் போகும், ஒரு நாள் காலையில சைட் இருக்காது. வெளிநாட்டு நிறுவனங்கள்ல இந்திய கார்டு ஆட்டோ டெபிட்டே ஆகாத இடங்களும் உண்டு. அதனால இந்திய இன்வாய்ஸ், யுபிஐ வசதி இருக்கிற இடமா பார்க்கிறது நல்லது.

முழு கிளவுட்ல மீட்டர் கதை வேற. ஆபீஸ் நண்பர் சொன்ன அந்த "ஃப்ரீ" பழைய கதை. 2025 ஜூலை நடுவுக்குப் பிறகு திறக்கிற புது ஏடபிள்யூஎஸ் கணக்குகளுக்கு, 12 மாசம் இலவச சர்வர் என்ற முறை போய், குறிப்பிட்ட தொகைக்குக் கிரெடிட் என்ற முறை வந்திருக்கு. அதைவிட முக்கியம், வெளியே போகிற டேட்டாவுக்கான கட்டணம். மாசம் 100 ஜிபி வரை இலவசம். அதுக்கு மேல மும்பையிலிருந்து போற ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 11 சென்ட்.

அம்மா போன்ல எடுத்த படத்தை அப்படியே ஏத்தினா ஒண்ணு 4 எம்பி இருக்கும். ஒருத்தர் எட்டுப் படம் பார்த்தா 30 எம்பிக்கு மேல. தினம் 10,000 பேர், பத்து நாள்னா 3,000 ஜிபி. 300 டாலருக்கு மேல பில், நம்ம காசுக்கு 25,000 ரூபாய்க்கு மேல. அதே படங்களை வெப்பி வடிவத்துக்கு மாத்தி, அளவைச் சுருக்கி, ஒருத்தருக்கு 3 எம்பின்னு கொண்டு வந்தா 300 ஜிபி, ஏறக்குறைய 22 டாலர். சிடிஎன் முன்னாடி இருந்தா அதுவும் பெருமளவு குறையும். எந்தக் கம்பெனி மலிவுன்னு தேடுற நேரத்துல பாதியைப் படம் சுருக்கச் செலவழிச்சா, கைமேல பலன்.

லைட்செயில் மாதிரி நிலையான விலை பிளான்கள்ல இந்த டேட்டா ஒரு அளவு வரை சேர்ந்தே வரும். ஆனா மும்பையில அந்த அளவு மத்த பெரும்பாலான ஊர்கள்ல கொடுக்கிறதுல பாதிதான். பட்ஜெட் அலாரம் கண்டிப்பா வைங்க. அலாரம் அடிக்கும், ஆனா செலவைத் தானா நிறுத்தாது என்பதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

20:30 — தீப்பிடிச்சா என்ன ஆகும்?

"99.9 சதவீதம் அப்டைம்" என்று எல்லாரும் போடுறாங்க. கணக்குப் பாருங்க. வருஷத்துல 8 மணி 45 நிமிஷம் படுத்துக்கிட்டாலும் அந்த வாக்கு காப்பாத்தப்பட்ட மாதிரிதான். அந்த எட்டு மணி நேரம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில வரக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எங்கயும் இருக்காது. வாக்கு தவறினா கிடைக்கிறது, பெரும்பாலும் உங்க ஹோஸ்டிங் கட்டணத்துல ஒரு பகுதி தள்ளுபடி. விக்காம போன முறுக்குக்கு நஷ்டஈடு கிடையாது.

படுத்த சைட் எழுந்திடும். தொலைஞ்ச டேட்டா திரும்ப வராது. 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துல ஓவிஹெச் நிறுவனத்தோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு, ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சு போச்சு. சில வாடிக்கையாளர்களோட பேக்கப்பும் அதே வளாகத்துல இருந்ததால, அசலும் நகலும் சேர்ந்தே போச்சு.

இன்னொரு சம்பவம் 2024 மே மாசம். ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி, 6 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். கூகுள் கிளவுட்ல ஒரு அமைப்புக் கோளாறால அவங்களோட பிரைவேட் கிளவுட் அழிஞ்சுடுச்சு. மீட்க வேற ஒரு நிறுவனத்துல தனியா வச்சிருந்த பேக்கப்பும் கைகொடுத்தது.

அதனால "தினமும் பேக்கப் உண்டு" என்று ஹோஸ்டிங்காரர் சொன்னா, நல்லது, ஆனா அது மட்டும் போதாது. அவர்கிட்ட ஒண்ணு இருக்கட்டும், வேற நிறுவனத்துல உங்க பேர்ல ஒண்ணு, வீட்டு லேப்டாப்ல ஒண்ணு. ஆறு மாசத்துக்கு ஒருமுறை அந்த நகலை எடுத்து ஒரு காலி இடத்துல திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், மூடி போட்ட ஊறுகாய் ஜாடி மாதிரி. நல்லா இருக்கா, பூஞ்சை பிடிச்சிருச்சான்னு திறந்தாத்தான் தெரியும்.

அந்த நகல்ல ஆயிரக்கணக்கான பேரோட வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கு என்பதையும் மறக்காதீங்க. அதைப் பத்திரமா வைக்க நியாயமான பாதுகாப்பு செய்யணும்னு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. லேப்டாப்ல வச்சா பாஸ்வேர்டு போட்டு வைங்க.

23:40 — காசு போச்சு, ஆர்டர் வரலை

போன வருஷம் அந்த 11 பேருக்கு நடந்தது, வெப்சைட் வந்த பிறகும் நடக்கலாம். எப்படின்னு சொல்றேன்.

வாடிக்கையாளர் பணம் கட்டுறது உங்க சர்வர்ல இல்லை, பேமெண்ட் கேட்வேயில. யுபிஐல பின் போட்டாச்சு, காசு போயாச்சு. அதுக்கப்புறம் கேட்வே உங்க சர்வரைக் கூப்பிட்டு, "இந்த ஆர்டருக்குப் பணம் வந்துடுச்சு" என்று சொல்லும். இதுக்கு வெப்ஹுக் என்று பேர். அந்த நிமிஷம் உங்க சர்வர் மூச்சுத் திணறிக்கிட்டிருந்தா? காசு கேட்வேயில இருக்கும், உங்க கடையில ஆர்டர் "பெண்டிங்" என்று நிக்கும். அம்மா பட்டியலைப் பார்ப்பாங்க, பணம் கட்டலைன்னு நினைச்சு பேக் பண்ண மாட்டாங்க.

நல்ல கேட்வேக்கள் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். ஆனா சிலர் வெப்ஹுக்கையே அமைக்காம, வாடிக்கையாளரோட பிரவுசர் திரும்பி வர்றதை மட்டும் நம்பிக் கடையைத் திறந்துடுறாங்க. யுபிஐ ஆப்புக்குப் போனவர் திரும்பி வராம அப்படியே போனை வச்சுட்டா, அவ்வளவுதான். சைட் செய்றவர்கிட்ட, "வெப்ஹுக் போட்டாச்சா, ஒரு ரூபாய் கட்டி, நடுவுல பிரவுசரை மூடிக் காட்டுங்க" என்று கேளுங்க. தினமும் ராத்திரி கேட்வே பட்டியலையும் ஆர்டர் பட்டியலையும் பக்கத்துல வச்சு ஒருமுறை ஒத்துப் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான்.

மெயிலும் அப்படித்தான். ஆர்டர் உறுதி மெயிலை வெப்சைட் இருக்கிற சர்வர்லிருந்தே நேரா அனுப்பினா, நிறைய ஸ்பாமுக்குப் போகும். பல கிளவுட்கள்ல மெயில் போர்ட்டையே அடைச்சு வச்சிருப்பாங்க. மெயிலுக்குன்னு தனிச் சேவை எடுத்து, டிஎன்எஸ்ல எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளைப் போடச் சொல்லுங்க.

26:00 — அப்போ காரைக்குடிக்கு என்ன பதில்?

கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. ராத்திரி 9 மணிக்கு சைட் விழுந்தா, யார் எழுப்புவாங்க? நான் பகல்ல பார்க்கிற வேலையே சர்வர் பக்கம்தான். அதனாலேயே சொல்றேன், சர்வர் வாடகை சின்ன செலவு, சர்வரைப் பார்த்துக்கிற ஆள்தான் பெரிய செலவு. அந்த ஆள் சம்பளம் வாங்காத அக்காவா இருந்தாலும் செலவு செலவுதான்.

எண்ணை வச்சுப் பார்ப்போம். ஆர்டருக்கு 600 ரூபாய்னு வச்சா, நாளைக்கு 20 ஆர்டர், மாசம் 3,60,000 ரூபாய் விற்பனை. ஷாப்பிஃபையோட சொந்த பேமெண்ட் சேவை இந்தியாவுல இல்லை. அதனால அடிப்படை பிளான்ல வேற கேட்வே வழியா வர்ற விற்பனைக்கு 2 சதவீதம் அவங்க எடுத்துக்கிறாங்க. அதுவே 7,200. பிளான் கட்டணம் சுமார் 2,000. மொத்தம் 9,200 ரூபாய் போல. கேட்வே வாங்குறது தனி, அது எங்க போனாலும் உண்டு. மேனேஜ்டு வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ் போட்டா மாசம் 2,000 ரூபாய்க்குள்ள முடிக்கலாம். வித்தியாசம் 7,000 ரூபாய். அந்த 7,000-க்கு, பிளகின் அப்டேட் பண்ணி, வெப்ஹுக் சரிபார்த்து, ராத்திரி போன் எடுக்கிற ஒரு ஆள் கிடைப்பாரா? கிடைச்சா வூகாமர்ஸ். கிடைக்கலைன்னா, அந்த 7,000 நியாயமான கூலி.

இப்போ அவங்களுக்கு என் பதில். பத்து வாரம்தான் இருக்கு. அம்மாவுக்கும் சித்திக்கும் புது சிஸ்டம் பழகணும். நீங்க பெங்களூருல வேலைக்கு நடுவுல இருக்கீங்க. இந்தத் தீபாவளிக்கு ரெடிமேட் கடையே போதும், தம்பி சொன்னதுதான். ஆனா மாதக் கட்டணமா மட்டும் எடுங்க, வருஷத்துக்குக் கட்டாதீங்க. டொமைனை அம்மா பேர்ல தனியா வாங்குங்க, ஷாப்பிஃபைக்குள்ள வாங்க வேண்டாம். வாராவாரம் பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியலை சிஎஸ்வியா இறக்கி வைங்க. ஊர் டிசைனரை விட்டுடாதீங்க, படம் எடுக்க, பக்கம் அழகா அமைக்க அவர் வேணும். தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி எல்லாத்தையும் முடிச்சுட்டு, அதுக்கப்புறம் சைட்ல எதையும் மாத்தாதீங்க. வாட்ஸ்அப் ஆர்டரையும் உடனே நிறுத்த வேண்டாம். வர்றவங்களுக்கு லிங்க்கை அனுப்பிப் பழக்குங்க.

பொங்கல் முடிஞ்சதும் உக்காந்து கணக்குப் பாருங்க. எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வாங்கினாங்க, கமிஷன் எவ்வளவு போச்சு. கமிஷன் உறுத்துற அளவுக்கு வளர்ந்திருந்தா, அப்போ இந்தியாவுல சர்வர் இருக்கிற மேனேஜ்டு வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறலாம். டொமைனும் பட்டியலும் உங்க கையில இருக்கிறதால, அது வீடு மாத்துற வேலை மட்டும்தான். ஏடபிள்யூஎஸ் இப்போதைக்கு வேண்டாம். நண்பர் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், ஆனா தீபாவளி வாரத்துல அவரும் ஊருக்குப் போயிடுவார்.

இதைக் கேட்டுட்டு உங்க கடைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தீங்கன்னா, வந்த எண்களை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல, வூகாமர்ஸ் கடையை ஒரே ராத்திரியில வேற சர்வருக்கு எப்படி மாத்துறது, அந்த நேரத்துல வர்ற ஆர்டர் தொலையாம எப்படிப் பார்த்துக்கிறது என்று பேசுவோம். அதுவரைக்கும், டொமைன் எப்போ காலாவதியாகுதுன்னு இன்னைக்கே ஒருமுறை திறந்து பார்த்துடுங்க.